சனி பிடித்ததா, 18 பென்ஸ் பிடித்ததா?

செட்டியார்பட்டிப் பக்கம் பருத்தி விலை இறங்கிவிட்டால் சம்சாரி வாயில் முதலில் வருகிற வார்த்தை "எனக்கு ஏழரை நாட்டுச் சனி" என்பதுதான். உடனே ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கையிலிருக்கிற காசில் ஒரு பங்கு சோதிடனுக்கும், ஒரு பங்கு எள் விளக்குக்கும், மிச்சம் திருநள்ளாற்றுப் பயணத்துக்கும் போய்ச் சேருகிறது. விலையை இறக்கினவன் யார் என்கிற கேள்வி மாத்திரம் உதிப்பதில்லை. இந்தப் புத்தி நேற்று வந்ததல்ல. அவன் பாட்டன் காலத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன்.

முதல் மகாயுத்தத்துக்கு முன் நம் ரூபாய்க்கு இங்கிலீஷ் நாணயத்தில் 16 பென்ஸ் என்று சர்க்கார் கட்டி வைத்திருந்தார்கள். 240 பென்ஸ் ஒரு பவுன். ஆகவே ஒரு பவுனுக்கு 15 ரூபாய். (பவுன் என்றதும் கழுத்துச் சங்கிலியை நினைக்க வேண்டாம், இது லண்டன் பணம்.) யுத்தத்தில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. 1920-ல் 24 பென்சுக்கு உயர்த்திப் பார்த்தார்கள், நிற்கவில்லை. 1925-ல் ஹில்டன் யங் கமிஷன் வந்தது. மறு வருஷம் 18 பென்ஸ் என்று எழுதிக்கொடுத்தது. அங்கத்தினர்களில் சர் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் ஒருவர் மாத்திரம் 16 பென்ஸே வேண்டுமென்று மாறாக எழுதினார். 1927 மார்ச்சில் டில்லிச் சட்டசபையில் மிகச் சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் 18 பென்ஸ் ஜெயித்தது. கையெழுத்துப் போட்டவர்கள் அத்தனை பேரும் மனிதர்கள். கிரகம் ஒன்றுகூட ஓட்டுப் போடவில்லை.

இதனால் என்ன ஆயிற்று? தூத்துக்குடியில் கப்பலேறுகிற பஞ்சு அக்கரையில் ஒரு பவுனுக்கு விற்றால், இங்கே 15 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பை வரும். ஒரு ரூபாய் 10 அணா 8 பை காணாமற் போயிற்று. கப்பலேறும் பஞ்சின் விலையைப் பார்த்துத்தானே உள்ளூர்ப் பேட்டையிலும் விலை பேசுவான்! ஆனால் கிஸ்தி குறைந்ததா? கடன் பத்திரத்தில் வட்டி குறைந்ததா? மற்றொரு பக்கம், சர்க்கார் வருஷந்தோறும் லண்டனுக்குக் கட்டிவந்த பென்ஷனும் கடன் வட்டியும் குறைந்த ரூபாயில் தீர்ந்தன. சம்பளத்தைச் சீமைக்கு அனுப்புகிற வெள்ளைக்கார உத்தியோகஸ்தனுக்கு அதே ரூபாய்க்கு அதிகப் பவுன் கிடைத்தது. எல்லா விலைகளும் 18 பென்சுக்கு ஏற்கனவே சரிக்கட்டிக்கொண்டுவிட்டன என்பது கமிஷனின் வாதம். குடியானவன் கிஸ்தி அந்தச் சரிக்கட்டலில் சேரவில்லை போலும்!

அதற்காக 16 பென்ஸ் கேட்டவர்களெல்லாம் ஏழை பங்காளர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முன்னால் நின்று கூச்சல் போட்டவர்கள் பம்பாய் ஆலை முதலாளிகளும் ஏற்றுமதி வியாபாரிகளும். ரூபாயின் மதிப்பு தாழ்ந்தால் சாமான் விலை முதலில் ஏறும், கூலி பின்னாலேதான் நொண்டிக்கொண்டு வரும்; லாபம் வியாபாரிக்கு, நஷ்டம் கூலிக்காரனுக்கு என்பதை டாக்டர் அம்பேத்கர் 1923-லேயே ரூபாயைப் பற்றிய தம் புத்தகத்தில் விளக்கியிருக்கிறார். 1925 டிசம்பரில் அதே கமிஷன் முன் சாட்சியும் சொன்னார். தீண்டப்படாதவன் என்று ஒதுக்கப்பட்டவர் நாணயக் கணக்கை அலசிக்கொண்டிருந்தபோது, வேதம் படித்த நம் பண்டிதர்கள் ராகு காலம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1929 முதல் உலகமெங்கும் விளைபொருள் விலை சரிந்தது. 1931 செப்டம்பர் 21-ல் இங்கிலாந்து தன் பவுனைத் தங்கத்திலிருந்து அறுத்துக்கொண்டது. நம் ரூபாயை அந்தப் பவுனோடு அதே 18 பென்சில் கட்டிப்போட்டார்கள். ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறிற்று. கடனில் கிடந்த குடியானவன் வீட்டுத் தோடும் தாலியும் உருகிக் கட்டியாகிச் சீமைக் கப்பல் ஏறின. இப்போது கழுத்துச் சங்கிலியை நினைக்கலாம்! மந்திரம் சொல்லி அந்தத் தாலியை எடுத்துக்கொடுத்த புரோகிதனால் அதைக் காப்பாற்ற முடிந்ததா?

வெள்ளைக்காரன் போன பிறகும் ஒரு பவுனுக்கு அதே 13 ரூபாய் 33 பைசாதான். 1966 ஜூன் 6-ல் அது ஒரே நாளில் 21 ரூபாயாயிற்று. செய்தது இந்திரா காந்தி அம்மையாரின் மந்திரிசபை. இன்றைக்கு நூறு ரூபாயையும் தாண்டிவிட்டது. 1927 மார்ச்சையோ 1966 ஜூனையோ முன்கூட்டிச் சொன்ன பஞ்சாங்கம் ஒன்று எவர் வீட்டுப் பரணிலாவது இருந்தால் செட்டியார்பட்டிக்கு எடுத்து வரட்டும். இந்தப் பத்திரிகையிலேயே அந்தப் பக்கத்தை அச்சிடச் சொல்லுகிறேன்.