"மருந்து பழகிப்போச்சு" என்னும் பொய்

பருத்திக் காட்டில் மருந்தடிப்பவரிடம் கையுறை எங்கே என்று கேட்டால் வரும் பதில் இதுதான்: "இருபது வருஷமா அடிக்கிறேன், உடம்புக்குப் பழகிப்போச்சு." கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். உண்மையில் பழகியது எது?

நரம்பு தசைக்குச் செய்தி சொல்ல அசிடைல்கோலினை வெளியிடுகிறது. வேலை முடிந்ததும் அதை அழிப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் அந்த நொதியை முடக்குகின்றன. எச்சில் வடிகிறது, கண்பாவை சுருங்குகிறது, உடம்பு நடுங்குகிறது.

எலிகளுக்கு இத்தகைய மருந்தைத் தினமும் சிறிதளவு கொடுத்துப் பார்த்தார்கள். சில நாட்களில் நடுக்கம் நின்றது. ஆனால் மூளையில் நொதி தாழ்ந்தேதான் கிடந்தது! செய்தியை வாங்கும் ஏற்பிகளைத்தான் உடம்பு குறைத்துக்கொண்டது. வாசலில் சத்தம் ஓயவில்லை என்று காதைப் பொத்திக்கொண்ட கதை. அதற்கும் விலை உண்டு: ஸ்கோபோலமைன் கொடுத்தபோது அந்த எலிகள் மற்றவற்றைவிட அதிகமாகத் தடுமாறின.

ஆக, தொந்தரவு தெரியவில்லை என்றால் விஷம் போய்விட்டது என்று அர்த்தமல்ல. எச்சரிக்கை மணி அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

கலிபோர்னியாவில் 1974 முதல் இத்தகைய மருந்தடிக்கும் தொழிலாளர்களின் ரத்தத்தில் இந்த நொதியை அளக்கிறார்கள். சிவப்பணு நொதி அவரவர் இயல்பளவில் 70 சதவீதத்துக்கு இறங்கினால் வேலையிலிருந்து விலக்கியாக வேண்டும். "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இங்கே? 2017ல் யவத்மாலில் மருந்தடித்த 20 பேருக்கு மேல் செத்தபோது, பாதுகாப்பு உடை போடவில்லை என்று பழி விவசாயிகள் மேலேயே விழுந்தது. மருந்து விற்கத் தெரிந்த நாட்டுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கத் தெரியாதா?