பார்ட்டை மாற்றுவதற்குப் பெயர் ரிப்பேரா?

"திராட்டில் சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்." இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் 4,200 ரூபாய் கொடுத்தேன். ஒன்பதாவது நாள் பழைய கோளாறு திரும்பி வந்தது.

கோளாறு இதுதான். கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரிக்குப் போகும்போது, திடீரென்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் வண்டி இழுக்காது. ஒரு விநாடி, இரண்டு விநாடி. பிறகு ஒன்றுமே நடக்காதது போல ஓடும். ஒருமுறை டிராக்டரை முந்தும்போது இப்படி ஆனது. எதிரே லாரி. வீட்டுக்காரி அன்றிலிருந்து முன் சீட்டில் உட்காருவதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரைச் சொருகினார்கள். பி0122 என்று வந்தது. உடனே தீர்ப்பு. ஆனால் அந்த எண் 'சென்சார் கெட்டது' என்று சொல்லவில்லை ஐயா! 'அந்தச் சர்க்யூட்டில் சிக்னல் குறைவாக வருகிறது' என்றுதான் சொல்கிறது. சர்க்யூட் என்றால் சென்சார் மட்டுமா? மூன்று வயர், ஒரு கனெக்டர், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்ததுதான்.

நான் அனல்மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் 31 வருஷம் இருந்தவன். வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று காட்டும் கருவியும் இந்தச் சென்சாரும் ஒரே ஜாதி. என் போன்ற பழைய வண்டிகளில் அது ரேடியோவின் வால்யூம் குமிழ் மாதிரிதான். ஒரு வயரில் 5 வோல்ட் வரும், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். மிதிக்காதபோது அரை வோல்ட் அளவில் இருக்கும். முழுக்க மிதித்தால் நாலரை வோல்ட் வரை சீராக ஏற வேண்டும். 5 வோல்ட் வயரோ சிக்னல் வயரோ கண நேரம் விட்டுப்போனால், கால் எடுத்துவிட்டார் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும்.

புதுச் சென்சார் போட்டதும் எட்டு நாள் ஏன் ஒழுங்காக ஓடியது? இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். சென்சாரை மாற்ற வேண்டுமென்றால் கனெக்டரைக் கழற்றித் திரும்பச் சொருக வேண்டும். அந்த உரசலில் டெர்மினலில் படிந்த களிம்பு கொஞ்சம் விலகும். குணமாக்கியது உரசல். பில் வந்தது சென்சாருக்கு.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. இழுக்காமல் போன ஒவ்வொரு முறையும் இடத்தை டைரியில் குறித்தேன். ஏழில் ஐந்து முறை, ரோடு குண்டும் குழியுமான இடத்தில். சென்சார் தடம் தேய்ந்திருந்தால் மிதியின் ஒரு குறிப்பிட்ட நிலையில்தான் சறுக்கும், குழியைப் பார்த்துச் சறுக்காது. பிறகு சாவியை மட்டும் ஆன் செய்து, கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய முனையை நுழைத்து, பழைய முள் மீட்டரை வைத்தேன். டிஜிட்டல் மீட்டர் விநாடிக்குச் சில தடவைதான் எண்ணை மாற்றும். கண நேரச் சறுக்கலை விட்டுவிடும். முள் அப்படி இல்லை, துள்ளிக் காட்டிவிடும். மிதியை மெதுவாக அமுக்கினேன், முள் சீராக ஏறியது. வயரை விரலால் ஆட்டினேன். பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தது.

எங்கள் ஊரில் படகு மோட்டார் தண்ணீரில் நின்றுபோனால் முதலில் வயரைத்தான் ஆட்டிப் பார்ப்பார்கள். நடு ஏரியில் சென்சார் கடை ஏது?

கனெக்டருக்குள் பச்சைக் களிம்பு, ஒரு டெர்மினல் அகன்று கிடந்தது. போதாததற்கு வயரின் தோலில் ஊசி குத்திய ஓட்டை வேறு. முன்பு யாரோ டெஸ்ட் செய்த லட்சணம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி, நடுவில் இருக்கிற ஊரில் வயரில் ஓட்டை போட்டால் உப்பு ஏறாமல் என்ன செய்யும்?

மெக்கானிக்கை மட்டும் திட்டிவிட்டுப் போக மனம் வரவில்லை. இரண்டு மணி நேரம் தேடி, வெறும் டெர்மினலை மாற்றிவிட்டு 800 ரூபாய் கேட்டால் நாம் கொடுப்போமா? "ஒண்ணுமே மாத்தலையே, எதுக்குக் காசு?" என்றுதானே கேட்போம். நானே கேட்டிருக்கிறேன். தேடுகிற நேரத்துக்குக் கூலி தர மறுத்தால், அவர்கள் அதை டப்பாவில் அடைத்த பார்ட்டின் விலையாக வாங்கிக்கொள்கிறார்கள்.

டெர்மினலை மாற்றி, பழைய சென்சாரையே திரும்பப் போட்டுவிட்டேன். மழைக்காலம் முழுக்க ஒருமுறைகூடச் சறுக்கவில்லை. புதுச் சென்சார் டேஷ்போர்டுப் பெட்டியில் சும்மா கிடக்கிறது. ஒர்க்‌ஷாப் பையன் விஷயம் கேள்விப்பட்டு வந்தான். "அந்த முள் மீட்டரை ரெண்டு நாள் குடுங்க சார்" என்றான். கொடுத்தேன். மூன்று வாரம் ஆகிறது, தம்பி இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.