‘நான் என்ன கொண்டு வரட்டும்?’: அமெரிக்க வீடுகளின் தேங்க்ஸ்கிவிங் விருந்துக் கணக்கு

நவம்பர் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்கக் குடும்பங்களின் குரூப் சாட்களில் ஒரே கேள்வி சுற்றத் தொடங்கிவிடும். ‘நான் என்ன கொண்டு வரட்டும்?’

நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கான கேள்வி இது. நன்றி சொல்வதற்கென்று ஒரு நாள். எந்த மதத்தினரும் கொண்டாடலாம். பரிசு வாங்கத் தேவையில்லை, புதுத்துணி கட்டாயமில்லை. குடும்பம் மொத்தமும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகத்தான் விமான நிலையங்களும் நெடுஞ்சாலைகளும் அந்த வாரம் நிரம்பி வழிகின்றன.

ஆனால், இருபது பேருக்கான விருந்து தானாக மேஜைக்கு வந்துவிடுமா? யார் சமைப்பது, யார் எதைக் கொண்டு வருவது, யார் பாத்திரம் கழுவுவது... இந்தப் பண்டிகையின் சுவை, சண்டை இரண்டுமே இங்கேதான் இருக்கின்றன. உள்ளே போய்ப் பார்ப்போமா?

யார் வீட்டில் விருந்து?

முதல் பஞ்சாயத்தே இதுதான். நம் ஊரில் தலைதீபாவளி ஒரு முறையோடு முடிந்துவிடும். அங்கே இது வருடா வருடம் வரும் தலைவலி. அதனால் பல தம்பதியரிடம் ஓர் ஒப்பந்தம் இருக்கும். இந்த ஆண்டு தேங்க்ஸ்கிவிங் மனைவியின் பெற்றோர் வீட்டில் என்றால், கிறிஸ்துமஸ் கணவரின் பெற்றோர் வீட்டில். அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வார்கள். அப்பாவும் அம்மாவும் பிரிந்து வாழ்ந்தால், ஒரே நாளில் இரண்டு வீட்டிலும் விருந்து சாப்பிடும் பிள்ளைகளும் உண்டு.

வீடு முடிவானதும் வேலைப் பிரிவினை. விருந்து நடக்கும் வீட்டுக்காரர் வான்கோழியைப் பார்த்துக்கொள்வார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு டிஷ். ஒருவர் உருளைக்கிழங்கு மசியல், ஒருவர் பூசணி ‘பை’ (மாவுக்கூட்டில் இனிப்புப் பூரணம் வைத்துச் சுடுவது), இன்னொருவர் காய்கறி. அடுப்பங்கரைப் பக்கமே போகாத மைத்துனருக்கு ஐஸ்கட்டியும் கூல்டிரிங்க்ஸும்! ‘டின்னர்’ என்று பெயர்தான். பல வீடுகளில் பிற்பகல் 2, 3 மணிக்கே பந்தி ஆரம்பித்துவிடும்.

குழந்தைகளுக்குத் தனியாக ஒரு சின்ன மேஜை போடுவார்கள். அங்கிருந்து பெரியவர்கள் மேஜைக்கு எப்போது ‘புரமோஷன்’ கிடைக்கும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளின் வருடாந்தரக் கவலை.

ஞாயிற்றுக்கிழமையே தொடங்கும் வேலை

வான்கோழி விஷயத்தில் திட்டமிடல் தப்பினால் விருந்தே தப்பிவிடும். பெரும்பாலான வீடுகளில் வாங்குவது உறைந்த வான்கோழி. ஃபிரிட்ஜில் வைத்து இளக்க, ஒவ்வொரு 4 முதல் 5 பவுண்டு எடைக்கும் 24 மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு. 16 பவுண்டு, அதாவது சுமார் 7 கிலோ பறவை என்றால் 4 நாள்கள். வியாழன் விருந்துக்கு ஞாயிறன்றே அதை ஃப்ரீஸரிலிருந்து ஃபிரிட்ஜுக்கு மாற்றியாக வேண்டும். மறந்துவிட்டால் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து இளக்கலாம். பவுண்டுக்கு அரை மணி நேரம் வீதம் 8 மணி நேரம் ஆகும். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரையும் மாற்ற வேண்டும்.

பிறகு அவனில் ஏறக்குறைய 4 மணி நேரம். சதைப்பற்றான இடத்தில் தெர்மாமீட்டரைச் செருகினால் 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். அப்போதுதான் உள்ளே முழுதாக வெந்ததாக அர்த்தம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு அவன். அரை நாள் அதை வான்கோழியே பிடித்துக்கொள்கிறது. மீதி டிஷ்களை எங்கே வேகவைப்பது? ‘நான் என்ன கொண்டு வரட்டும்?’ என்ற கேள்வி வெறும் மரியாதைக்குக் கேட்பதில்லை. நாலு வீட்டு அடுப்பு எரிந்தால்தான் அந்த மேஜை நிறையும்.

இவ்வளவு டென்ஷன் இருந்தால் உதவிக்கும் ஆள் வேண்டுமே! ‘பட்டர்பால்’ என்ற வான்கோழி நிறுவனம் 1981-ல் ஒரு தொலைபேசி உதவி மையத்தைத் தொடங்கியது. ஆறு பேர் உட்கார்ந்து, முதல் ஆண்டிலேயே சுமார் 11,000 அழைப்புகளுக்குப் பதில் சொன்னார்கள். இன்றுவரை அது நடக்கிறது. அந்த வேலைக்கு ஆண்களையும் எடுக்கிறோம் என்று அந்த நிறுவனம் அறிவித்தது எப்போது தெரியுமா? 2013-ல்தான். வான்கோழி என்றால் அது அம்மாவின் கவலை என்று எவ்வளவு காலம் இருந்திருக்கிறது, பாருங்கள்.

மேஜையில் மாறாத அயிட்டங்கள்

ரொட்டித் துண்டுகளோடு வெங்காயம், செலரி, மூலிகை இலைகள் சேர்த்துச் செய்யும் ‘ஸ்டஃபிங்’, உருளைக்கிழங்கு மசியல், அதன் மேல் ஊற்ற வான்கோழிச் சாற்றில் செய்த கிரேவி, புளிப்பும் இனிப்புமாக கிரான்பெர்ரி சாஸ். இவை இல்லாமல் விருந்து இல்லை. கிரான்பெர்ரி சாஸை டின்னில் வாங்கி, டின்னின் வரிகள்கூட அழியாமல் அப்படியே தட்டில் கவிழ்ப்பார்கள். வீட்டில் செய்ததைவிட அதுதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் குடும்பங்கள் ஏராளம்.

‘பாட்டி காலத்து ரெசிப்பி’ என்று அவர்கள் கொண்டாடும் சில டிஷ்கள் உண்மையில் கம்பெனிச் சமையலறையில் பிறந்தவை. பீன்ஸோடு காளான் சூப்பைக் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவிச் செய்யும் ‘கிரீன் பீன் கேசரோல்’ 1955-ல் கேம்ப்பெல் சூப் நிறுவனத்தில் உருவானது. அங்கே பணியாற்றிய டார்கஸ் ரைலி என்ற பெண்மணியின் கைவண்ணம் அது. எந்த வீட்டிலும் இருக்கும் பொருள்களை வைத்து, சீக்கிரம் செய்துவிடக்கூடிய ஒரு டிஷ் வேண்டும் என்பதே அவர் முன் இருந்த வேலை. டின்னைத் திற, கலக்கு, அவனில் வை. அலுத்துப்போன அம்மாக்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவியாக இருந்திருக்கும்! சர்க்கரைவள்ளிக் கிழங்கு மசியலின் மேல் மார்ஷ்மெல்லோவை அடுக்கிச் சுடும் பழக்கமும், 1917-ல் ஒரு மார்ஷ்மெல்லோ நிறுவனம் வெளியிட்ட ரெசிப்பி புத்தகத்தோடு பரவியதுதான்.

வீட்டுக்கு வீடு ஒரு ஸ்பெஷல்

வான்கோழி பொதுவானது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் அந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். கறுப்பினக் குடும்பங்களில் பாலாடைக்கட்டி வழியும் மாக்ரோனி கட்டாயம். பூசணி ‘பை’க்குப் பதில் அங்கே சர்க்கரைவள்ளி ‘பை’. இத்தாலிய வம்சாவளி வீடுகளில் முதலில் லசான்யா வரும், பிறகுதான் வான்கோழி. ஜெர்மானியர்கள் நிறையக் குடியேறிய பால்டிமோரில், புளிக்க வைத்த முட்டைக்கோஸ் இல்லாமல் இலை நிறையாது. லூசியானாவில் முழு வான்கோழியை எண்ணெயில் பொரிப்பார்கள். சரியாக இளகாத பறவையை அப்படிக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் பொங்கித் தீப்பிடிக்கும். அமெரிக்க வீடுகளில் சமையல் தீ விபத்துகள் மிக அதிகமாக நடக்கும் நாளும் இதுவே.

நம் தமிழ்க் குடும்பங்கள்? வியாழன், வெள்ளி எனத் தொடர் விடுமுறை கிடைப்பதால் நண்பர்கள் ஒரே வீட்டில் கூடிவிடுவார்கள். வான்கோழிக்குத் தயிரும் மசாலாவும் தடவி ஊறவைப்பவர்கள் உண்டு. அதெல்லாம் சரிப்படாது என்று பிரியாணி அண்டாவை இறக்குபவர்களும் உண்டு. நவம்பரில் கடைகளில் குவியும் கிரான்பெர்ரியை வாங்கி, நல்லெண்ணெய், மிளகாய்ப்பொடி, பெருங்காயம் போட்டுத் தொக்கு கிளறிவிடுவார்கள். தயிர்சாதத்துக்கு அப்படி ஒரு பொருத்தம்! சைவக்காரர்களுக்கு டோஃபுவில் செய்த ‘டோஃபர்க்கி’ 1995 முதல் கடைகளில் கிடைக்கிறது.

முதல் விருந்துக்கு யார் என்ன கொண்டு வந்தார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தேங்க்ஸ்கிவிங் கதை முடியாது. 1620-ல் ‘மேஃப்ளவர்’ கப்பலில் பிளிமத் வந்து இறங்கிய ஆங்கிலேயர்களில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். மிச்சமிருந்தவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர், அந்த மண்ணின் வாம்பனோவாக் மக்களைச் சேர்ந்த டிஸ்குவான்டம். 1621-ல் அறுவடை முடிந்ததும் மூன்று நாள் விருந்து நடந்தது. அதில் கலந்துகொண்ட எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட் சுமார் 90 பேரோடு வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அந்த மக்களுக்குக் கிடைத்த பதில் மரியாதை என்ன? அடுத்த ஐம்பதே ஆண்டுகளில் நிலத்துக்காகப் போர் மூண்டது. விருந்துக்கு மான் கொண்டுவந்த அதே மாசசாய்ட்டின் மகன் மெட்டாகாம் 1676-ல் கொல்லப்பட்டார். அவரது தலை பிளிமத்தில் கம்பத்தில் செருகி வைக்கப்பட்டது.

அதனால்தான், அமெரிக்கா முழுவதும் விருந்து நடக்கும் அதே வியாழனில், பிளிமத்தில் மாசசாய்ட் சிலை அருகே பூர்வகுடி மக்கள் கூடி அதைத் தேசியத் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். 1970-ல் தொடங்கியது இது. ஆங்கிலேயர் வந்திறங்கிய 350-வது ஆண்டு விழாவில் பேச வாம்பனோவாக் இனத்தைச் சேர்ந்த ஃபிராங்க் ஜேம்ஸை அழைத்தவர்கள், அவருடைய உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, இதைப் பேச முடியாது என்றார்கள். அவர் வெளியே வந்து மக்களைத் திரட்டினார். இன்று பல அமெரிக்க வீடுகளில் சாப்பிடும் முன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்கிறார்கள்.

1621 விருந்து அப்போதே ஆண்டுப் பண்டிகையாகிவிடவில்லை. அதைத் தேசிய நாளாக்கக் கடிதம் மேல் கடிதம் எழுதிப் போராடியவர் சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகையாசிரியை. நம் குழந்தைகள் பாடும் ‘மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்’ பாடலை எழுதியவர் அவரே. உள்நாட்டுப் போருக்கு நடுவே 1863-ல் அதிபர் லிங்கன் அதை அறிவித்தார். நான்காவது வியாழன் என்று சட்டமானது 1941-ல்.

கூடுதலாக ஒரு தட்டு

இந்த விருந்தைப் பற்றிச் சமீப காலத்தில் உலகம் அதிகம் பேசிய கதை 2016-ல் அரிசோனாவில் நடந்தது. ஒரு பாட்டி, விருந்துக்கு வரச்சொல்லிப் பேரனுக்கு மெசேஜ் அனுப்பினார். பேரனோ நம்பரை மாற்றிவிட்டான். மெசேஜ் போய்ச் சேர்ந்தது முன்பின் தெரியாத 17 வயதுப் பையனுக்கு. நீங்கள் என் பாட்டி இல்லை, ஆனாலும் எனக்கு ஒரு தட்டுச் சாப்பாடு கிடைக்குமா என்று விளையாட்டாகக் கேட்டான் அவன். தாராளமாக வா, எல்லோருக்கும் சோறு போடுவதுதானே பாட்டிகளின் வேலை என்றார் அவர். வந்தான். அடுத்த ஆண்டும் வந்தான். 2020-ல் அந்தப் பாட்டியின் கணவர் கொரோனாவில் இறந்தபோதும், மேஜையில் தாத்தாவின் படத்தை வைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த உறவு இன்றும் தொடர்கிறது.

ஹாஸ்டலே காலியாகிவிடும் அந்த வாரத்தில், ஊருக்குப் போக முடியாத வெளிநாட்டு மாணவர்களைத் தங்கள் வீட்டு விருந்துக்கு அழைக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் நிறைய உண்டு. அமெரிக்காவில் படித்த நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு முதல் வான்கோழி அப்படிக் கிடைத்ததுதான்.

கடைசியில், பாத்திரம் யார் கழுவுவது?

சமைத்தவர்கள் உட்கார வேண்டும், சாப்பிட்டவர்கள் கழுவ வேண்டும் என்பது பல வீடுகளில் எழுதப்படாத சட்டம். எல்லா வீடுகளிலும் அது நடப்பதில்லை என்பதும் உண்மை. மிச்சத்தை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும். 3, 4 நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வான்கோழி சாண்ட்விச், எலும்பில் சூப். சிங்க்கில் கொட்டிய கொழுப்பும் தோலும் அடைத்துக்கொள்வதால், பிளம்பர்களுக்கு வருடத்திலேயே அதிக வேலை அந்த வெள்ளியன்றுதான்!

அமெரிக்கா போன புதிதில் நம்மவர்களுக்கு இந்த ‘ஆளுக்கொரு டிஷ்’ முறை கூச்சமாக இருக்கும். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அவர்களையே சமைத்து எடுத்து வரச் சொல்வதா என்று. ‘என்ன கொண்டு வரட்டும்?’ என்று யாராவது கேட்டால், ‘ஒண்ணும் வேணாம், சும்மா வாங்க’ என்பதுதானே நாம் பழகிய மரியாதை! அந்த மரியாதையைக் காப்பாற்ற அடுப்படியில் காலையிலிருந்து நிற்பவர் யார் என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

அடுத்த விசேஷத்துக்கு யாராவது அப்படிக் கேட்டால், ‘பாயசம் உங்க பொறுப்பு’ என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். அம்மாவும் முதல் பந்தியில் உட்காரட்டும்.