கத்தரிக்காய்க்கும் ஸ்தல புராணமா?

கத்தரிக்காய்க்குக்கூட ஸ்தல புராணம் உண்டென்றால் தோழர்கள் சிரிக்கலாம். கர்நாடகத்தில் உடுப்பிக்கு அடுத்த மட்டு கிராமத்துக் கத்தரிக்கு, வாதிராஜர் என்கின்ற மடாதிபதி தெய்வ அருளால் விதை கொடுத்தார் என்று கதை சொல்லி வருகிறார்கள். 2011-ல் அக்காய்க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நமது அரக்கோணம் 2019 வரை சேர்ந்திருந்த வேலூர் ஜில்லாவில், இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கும் 2023-ல் அதே குறியீடு கிடைத்ததே, அதை எந்தச் சாமியார் கொடுத்தார் என்று கேட்கிறோம். நல்ல காயாகப் பார்த்துச் செடியிலேயே பழுக்கவிட்டு, விதையெடுத்து, சாம்பலில் புரட்டி வைத்த குடியானவனும் அவன் பெண்சாதியுமல்லவா கொடுத்தவர்கள்?

வெறும் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஊரெல்லாம் ஒரே ரகமாயிருந்து, அதற்கு ஆகாத நோய் வந்தால் ஊரெல்லாம் போகும். அப்போது புது ரகம் உண்டாக்குகிறவர்கள் தேடுவது, நாம் மதியாத நாட்டு ரகங்களையும் காட்டு இனங்களையும்தான். சுண்டையின் வேர் வாடல் நோயைத் தாங்குவதால், அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டி இன்று பயிரிடுகிறார்கள். எந்த யாகத்தால் இக்குணம் வரும்?

கடையில் விற்கும் வீரிய ஒட்டு விதையை வேண்டாமென்பது நமது கருத்தல்ல, பலன் இருக்கிறது. ஆனால் அதன் காயில் எடுத்த விதை தாயைப் போல் ஒரே சீராய் வராது. வருஷந்தோறும் பணம் அழ வேண்டியதுதான். அந்த ஒட்டுக்கும் மூலம் பழைய ரகங்களே. கும்பாபிஷேகத்துக்குத் தலைக்கட்டு வரி போடும் ஊரார், இந்தப் பட்டத்திலாவது ஊர்க் கத்தரியில் நாலு செடியை, வேறு ரகத்துக்கு எட்டத் தள்ளி, விதைக்கென்று விடட்டும்.