சட்டத்தின் கண்ணில் ஓட்டுநர் மட்டுமே

புது தில்லி: பெங்களூரு தொம்மலூர் மேம்பாலத்தை ஒட்டித் தொடங்குகிறது இந்திரா நகர் நூறடிச் சாலை. மதுக்கூடங்களுக்குப் பெயர்பெற்றது அது. சற்றுத் தொலைவிலேயே, பழைய விமான நிலையச் சாலையில், அவசர சிகிச்சைப் பிரிவுடன் கூடிய பெரிய மருத்துவமனை இருக்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை அரசின் எந்தப் பதிவேடும் முழுமையாகச் சொல்வதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டு சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். குடிபோதையிலோ போதைப் பொருளின் மயக்கத்திலோ வாகனம் ஓட்டியதால் நேர்ந்த சாவுகள் சுமார் 4,200, அதாவது 2.5 சதவீதம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்களின் ஆய்வுகளோ, தலைக்காயத்துடன் வருவோரில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் பேரிடம் மதுவின் தொடர்பைக் கண்டன.

இரு கணக்குகளும் அளப்பது ஒன்றையே அல்ல என்பது உண்மை. ஒன்று சாவைப் பற்றியது. மற்றது காயத்தைப் பற்றியது. ஆனால் வேறுபாட்டின் முக்கியக் காரணம் வேறு. காவல் துறை தேடுவது குற்றம் செய்த ஓட்டுநரை. மருத்துவமனைக்கு வருபவர்களோ குடித்துவிட்டுச் சாலையைக் கடந்த பாதசாரி, மாடிப்படியில் உருண்டவர், மதுக்கடை வாசலில் அடிதடியில் சிக்கியவர், குடிகாரக் கணவனிடம் அடிபட்ட மனைவி. கடைசியாகச் சொல்லப்பட்ட பெண் ஒரு சொட்டும் குடித்திருக்க மாட்டார்.

உலக சுகாதார நிறுவனம் பெங்களூரு உள்படப் பல நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்திய கூட்டாய்வின் முடிவுகள் 2006-இல் வெளியாயின. குடித்த ஆறு மணி நேரத்துக்குள் காயமடையும் அபாயம் ஐந்து மடங்குக்கும் மேல் கூடுகிறது என்றது அது. மருத்துவரே போதையின் அளவைக் குறித்துவைக்க 'ஒய்-91' என்ற சர்வதேசக் குறியீடும் இருக்கிறது. நம் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்துவோர் அரிது.

காரணம் அலட்சியம் மட்டுமல்ல. விபத்துப் பதிவேட்டில் 'மது வாடை' என்று ஒரு வரி எழுதப்பட்டால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம். எழுத வேண்டாம் என உறவினர்கள் கெஞ்சுவதும், மருத்துவர் இரங்குவதும் இயல்பே. உண்மையைச் சொன்னால் தண்டனை என்ற நிலையில் யார் உண்மை சொல்வார்கள்?

நாடாளுமன்றம் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, குடித்துவிட்டு ஓட்டுவோருக்கான அபராதத்தை ரூ. 10 ஆயிரமாக உயர்த்தியது. விவாதம் முழுவதும் அபராதத்தைச் சுற்றியே நின்றது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் தமிழ்நாடு அரசுக்கு எதிரான கே. பாலு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நகர எல்லைக்குள் அது பொருந்தாது என 2017 ஜூலையில் விளக்கம் வந்ததும், பெங்களூரு போன்ற நகரங்களுக்கு அதன் பயன் அற்றுப்போனது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட ரூ. 1.5 லட்சம் வரையிலான கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் சாலை விபத்துகளுக்கு மட்டுமே.

காப்பீட்டு விதியைத் திருத்துவது மத்திய அரசின் கையில் இருக்கிறது. முதலில் செய்யவேண்டியதும் அதுவே. பதிவேட்டை ஒழுங்குபடுத்துவது மாநிலங்களின் பொறுப்பு. மருத்துவமனையும் மதுவும் அரசியல் சாசனத்தின் ஒரே பட்டியலில், மாநிலப் பட்டியலில் உள்ளன. மது விற்பனையால் 2024-25-இல் தமிழ்நாட்டுக்கு மட்டும் கிடைத்த வருவாய் ரூ. 48 ஆயிரம் கோடிக்கு மேல். அதே மது மருத்துவமனைகளுக்கு வைக்கும் செலவு எவ்வளவு என்று எந்தச் சட்டப்பேரவையிலும் கணக்கு வைக்கப்படுவதில்லை.