கப்பல் தலைமைக்கு வேண்டியது பிறவியா, பயிற்சியா?

சுயராஜ்யம் வந்து 11 வருஷம் வரை நமது கடற்படைக்கு வெள்ளையரே தலைவர். 1958-ல்தான் இந்தியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தார். அவர் 1911-ல் நமது செங்கற்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி.

இது தலைவிதியின் பலனா? இல்லை. 1927-ல் பம்பாயில் "டப்ரின்" என்ற பயிற்சிக் கப்பலை ஏற்படுத்தினார்கள். அதன் முதல் கூட்டத்துப் பிள்ளைகளில் கட்டாரியும் ஒருவர். பழக்கினார்கள், தலைமைக்கு வந்தார். அவ்வளவே.

இன்று கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள குப்பங்களைப் பாருங்கள். காற்றும் நீரோட்டமும் அறிந்த பிள்ளைகள், ஆபீசர் உத்தியோகமென்றால் "நமக்கு எட்டாது" என்கிறார்கள். கடல் தாண்டினால் ஜாதி கெடுமென்று சாஸ்திரம் எழுதினவன் சந்ததி கப்பல் தலைவனாகலாம். கடலிலேயே பிழைக்கிறவன் பிள்ளை வலையோடு நிற்க வேண்டுமோ?

இவர்களுக்குக் குறைவு மூளையல்ல. கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்து, ஐந்து நாள் நடக்கும் கடற்படை ஆபீசர் தேர்வில் நடந்துகொள்ளும் முறையைக் காட்ட ஆளில்லாததே குறை. உத்தியோகஸ்தர் வீடுகளில் மாமனும் சித்தப்பனும் இதைச் செய்கிறார்கள். அதற்குத்தான் "பரம்பரைத் திறமை" என்று பெயர்!

2008-ல் ஏற்பட்ட கடல்சார் பல்கலைக்கழகம் இதே சாலையில், உத்தண்டியில் இருக்கிறது. ஆகவே நாம் கேட்பது, ஓய்வு பெற்ற கப்பல் ஆபீசர்கள் வாரம் ஒரு நாள் குப்பத்துப் பள்ளிக்கூடத்திற்கு வரட்டும். பெற்றோர்களும் உண்டியலில் போடும் காசை, ஆண் பெண் இரு பாலாரின் படிப்புக்கும் வைக்கட்டும். பிறகு தெரியும், யோக்கியதை யாருக்கு என்று!