செர்காம் சாலையில் பஸ் யாருக்காக?

மலாக்காவிலிருந்து மெர்லிமாவ் வழியாக மூவார் செல்லும் கடலோரச் சாலையில் இருக்கிறது செர்காம். அங்கே தார்ச்சாலைக்குக் குறைவில்லை. காருக்கும் லாரிக்கும் குறைவில்லை. சுட்ட மீன் தின்பதற்கென்றே மாலையில் பட்டணத்தார் வண்டி வண்டியாக வந்திறங்குகிறார்கள். ஆனால் தோட்டத்துச் செம்மண் பாதையில் நடந்து வந்து, ஆஸ்பத்திரி அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் மூதாட்டிக்கு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்ல ஓர் ஆளில்லை. இதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

பால்வெட்டுத் தொழிலாளியின் பகல் வேறு, ஆபீஸ்காரரின் பகல் வேறு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே விடியும்போதே மரத்தடியில் இருந்தாக வேண்டும். பால் எடுத்து, நிறுத்து, ஊற்றிவிட்டு வீட்டுக்கு வரப் பிற்பகலாகிவிடும். அதற்குப் பிறகுதான் அவனுக்கு ஆஸ்பத்திரி, தபாலாபீஸ், மளிகைக் கடை, எல்லாம். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் பஸ் விட்டுவிட்டு, "தோட்டத்து ஜனங்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை" என்று சொல்வது என்ன நியாயம்? சாப்பாட்டு நேரத்தில் கடையைச் சாத்திவிட்டு, பசிப்பவர் யாருமில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

டிக்கெட் வசூலை மட்டும் நம்பி ஓடும் கம்பெனி, டிக்கெட் எங்கே அதிகமோ அங்கேதான் வண்டியை அனுப்பும். அதைக் குற்றம் என்று நாம் சொல்லவில்லை, அது வியாபாரம். தோட்டத்துத் தடத்தில் டிக்கெட் குறைகிறது, நடை குறைக்கப்படுகிறது. நடை குறைந்ததும் நாலு பேர் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்குகிறார்கள், டிக்கெட் இன்னும் குறைகிறது. கடைசியில் மிஞ்சுவது வண்டி ஓட்டத் தெரியாத கிழவர்களும், படிக்கிற பிள்ளைகளும், நம் தாய்மார்களும்தான்.

இந்தச் சுழலை அறுக்க வழியில்லாமல் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தரைவழிப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்துக்குப் பின்னர், தீபகற்பத்தில் பஸ் லைசென்ஸ் விவகாரம் புதிய ஆணையத்திடம் போயிற்று. 2019 முதல் அது போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள ஏஜென்சியின் பொறுப்பு. 2015-இல் செரம்பானில் ஒரு புதிய முறை தொடங்கியது. பயணி கொடுக்கும் காசு சர்க்காருக்கு. ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கம்பெனிக்குப் பணம். ஈப்போ, கங்கார், கோலத் திரங்கானு என்று அது பரவியது. மலாக்காவும் பின்னர் பட்டியலில் சேர்ந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. பணம் கொடுப்பவர் சர்க்கார் என்றால், எந்தத் தடத்தில், எத்தனை மணிக்கு, எத்தனை வண்டி என்று முடிவு செய்பவரும் சர்க்கார்தான். டிரைவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவரும் நம்மைப் போல் சம்பளத்துக்கு உழைப்பவர்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனாலும் கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார்! காசில்லாத டிக்கெட் எதற்கு? ஏறியவரின் தலையை எண்ணுவதற்கு. அந்த எண்ணிக்கையைக் காட்டித்தான் போக்குவரத்துக் கழகம் சர்க்காரிடம் பணம் கேட்கிறது. எண்ணப்படாதவனுக்கு வண்டி வராது. நம் கதையும் அதுதான்.

பட்டணம் போவதிலும் ஒரு சிக்கல். 2004-இல் மலாக்கா சென்ட்ரல் திறக்கப்பட்ட பிறகு வெளியூர்ப் பஸ்கள் பழைய ஊருக்குச் சற்று வடக்கே போய் நிற்கின்றன. அங்கிருந்து கடைத்தெருவுக்கு இன்னொரு வண்டி, இன்னொரு டிக்கெட். ஒரே பயணத்துக்கு ஏன் இரண்டு முறை காசு? ஒரு டிக்கெட்டில் இரண்டு வண்டி ஏறும் வசதி வேண்டும். அட்டை தட்டினால்தான் ஏறலாம் என்று வந்தால், அந்த அட்டை செர்காமிலும் மெர்லிமாவிலும் உள்ள மளிகைக் கடையில் கிடைக்க வேண்டும். நம் மாவட்டத் தலைநகரான ஜாசின் உள்நாட்டில் இருக்கிறது. கடலோர பஸ் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. மாவட்ட ஆஸ்பத்திரி அங்கேதான். வாரத்தில் சில நாட்களாவது, பிற்பகலில், ஒரு நேர் வண்டி கேட்பது பேராசையா?

பெரிய பஸ் தோட்டப் பாதையில் நுழையாது என்பார்கள். நுழைய வேண்டாம். 1997-இல் தமிழ்நாட்டில் பஸ் எட்டாத கிராமங்களுக்கு மினிபஸ் விட்டார்கள். கோலாலம்பூரில் கூப்பிட்டால் வரும் வேன்கள் இப்போது ஓடுகின்றன. பதினைந்து பேர் ஏறும் ஒரு வேன் போதும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. கார் வைத்திருப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். உங்கள் பேனாவுக்கு வேலை இருக்கிறது. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு மாதத்துக்கு ஒரு நோட்டு வையுங்கள். யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எங்கே போக நின்றார்; பஸ் வந்ததா, வராமல் வாடகைக் காருக்கு எத்தனை வெள்ளி கொடுத்தார்; இவ்வளவுதான் எழுத வேண்டும். வேலை முடிந்த நேரத்தையும் மறவாமல் குறியுங்கள். மழை நாளில் வெட்டு தாமதமாவதையும் குறியுங்கள். கிளைச் செயலாளர்கள் நோட்டுகளைச் சேர்த்து, நகல் எடுத்துக்கொண்டு, மூலத்தைக் கோரிக்கைக் கடிதத்தோடு போக்குவரத்து ஏஜென்சிக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பட்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அனுப்பிய தேதியோடு இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.